ஆறு வாய்ப் பாட்டரியும் அபிஷேகத் தீர்த்தமும்

இதை எழுத உட்கார்ந்து, முருகன் படத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. வருஷக்கணக்காகத் தயங்கிவிட்டேன். படிப்பு குறைவு என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. அது கடைசியில் வரும்.

ஜொகூர் பாரு முழுக்கத் தேடினாலும், மனிதர்களை வோல்ட்டில் அளந்தவர் ஒருவரைத்தான் காட்ட முடியும். எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்த வோல்ட்டுக்காரர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஏரோப்ளேன் பட்டறை ஒன்றில் பாட்டரி அறையில் எடுபிடி வேலை. கப்பல் போலத் தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்கெல்லாம் பாட்டரி துடைத்துக் கொடுப்பார். நான் அப்போது ரயிலடியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி.

வந்த முதல் நாளே என் மனைவியின் குரலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணி இருநூத்தி முப்பது வோல்ட்டு. அண்ணன் ஆறு வோல்ட்டு பல்பு. நேரா இணைச்சா அண்ணன் புஸ்ஸுன்னு போயிருவாரு."

"ஆறா? மரியாதைக்குக் கூட்டிச் சொல்றீங்க தம்பி" என்றாள் என் மனைவி.

பாட்டரி அமிலத்தின் கனத்தைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார். உள்ளே ஒரு மிதவை. நல்ல பாட்டரி என்றால் மிதவை மேலே நிற்கும், சோர்ந்தது என்றால் முங்கும். அதை ஒருநாள் பால்காரரின் செம்பில் விட்டு உறிஞ்சினார். மிதவை அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"அண்ணி, இந்தப் பால் டிஸ்சார்ஜ் ஆகிப்போச்சு."

"அலமாக்! என் மாட்டை அவமானப்படுத்துறியே லா!" என்று பால்காரர் தலையில் கை வைத்தார்.

அந்தக் குழாய் அமிலத்துக்கானது, கறந்த பாலிலும் முங்கத்தான் செய்யும் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் மறுநாள் முதல் பால் கெட்டியாக வந்தது. அது எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை.

கோயிலிலும் சும்மா இருக்கமாட்டார். வோல்ட்டு, ஆம்பியர், ஓம் என்றால் என்ன என்று ஒரு வெள்ளிக்கிழமை யாரோ கேட்டுவைத்தார்கள். "தீபாராதனை மணி அடிச்சதும் உள்ளே போவணும்னு ஜனங்களுக்கு ஒரு தள்ளு வருது பாருங்க, அது வோல்ட்டு. ஒரு நிமிஷத்துலே எத்தனை பேரு வாசலைத் தாண்டுறாங்களோ, அது ஆம்பியர். வாசப்படியிலே குறுக்கே நின்னு செருப்பைத் தேடுறாரே நம்ம தலைவரு, அவருதான் ஓம். அவரை நகத்துனா போதும், மணியைப் பலமா அடிக்காமலே கூட்டம் உள்ளே போயிரும்."

கோயில் தலைவர் வாசலை அடைத்த மாதிரி உடம்புக்காரர். அன்று முதல் சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பார்த்தால் "ஓம்" என்றுவிட்டு ஓடின. அவர் இதை மறக்கவில்லை.

இப்படியிருக்க, பட்டறையில் பரீட்சை வந்தது. தேறினால் விமானத்துக்குள்ளேயே ஏறி வேலை பார்க்கும் மின்சாரக்காரர் ஆகலாம். தவறினால் இன்னொரு வருஷம் பாட்டரி துடைக்க வேண்டும். வாயால் கேள்வி உண்டு. அதோடு ஆளுக்கொரு பழைய பாட்டரியை ஒரு மாதம் பேணி, பரீட்சை நாளில் பன்னிரண்டு வோல்ட்டு காட்ட வேண்டும். பட்டறையில் விட்டால் எவனாவது கை வைப்பான் என்று துரையிடம் கெஞ்சி, வீட்டுக்கே கொண்டுவந்து கட்டிலடியில் வைத்துக்கொண்டார். பச்சைப் பிள்ளைக்குக்கூட அப்படிக் காவல் இருக்கமாட்டார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் தைப்பூசம். அவருக்கு வேலை. போகும்போது ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தார். "அண்ணே, மத்தியானம் பாட்டரியைப் பாருங்க. தண்ணி குறைஞ்சிருந்தா இதை மட்டும் ஊத்துங்க. காய்ச்சி வடிச்ச தண்ணி. சுத்தத்துலேயும் சுத்தம்."

நான் கோயிலில் அவர் பரீட்சைக்கும் வேண்டிக்கொண்டு வந்து மூடிகளைத் திறந்தேன். ஆறு வாய்! எண்ணிப் பார்த்தேன், ஆறேதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆறுமுகனின் நாளில், ஆறு வாய்களோடு, நாளைக்குப் பரீட்சைக்குப் போகிற ஒன்று என் முன்னால் தாகத்தோடு இருக்கிறது. அவருடைய பாட்டிலை மோந்து பார்த்தேன். வாசனை இல்லை, மந்திரம் படாத தண்ணீர். என் கையிலோ அபிஷேகத் தீர்த்தம். பாலும் தேனும் இளநீரும் விபூதியும் சுவாமி மேனியில் பட்டு வழிந்தது. இதைவிடச் சுத்தமானது உலகத்தில் ஏது?

உத்தரணிக் கரண்டியால் ஒவ்வொரு வாயிலும் மும்மூன்று முறை, சரவணபவ சொல்லி ஊற்றினேன். மூடிகளைத் திருகி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டும் வைத்தேன். மனம் நிறைந்துபோயிற்று.

விடிந்தபோது பாட்டரி நுரை கக்கிக்கொண்டிருந்தது. வோல்ட்டுக்காரர் குனிந்து ஆறு சந்தனப் பொட்டுகளையும் பார்த்தார். ஈரத் துணியால் பொட்டுகளைத் துடைத்தார். "ஒரு கை புடிங்க அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

பஸ் நிற்கும் இடத்தில் தலைவர் நின்றிருந்தார். புளித்த தேன் வாடை அவர் மூக்குக்கு எட்டியது.

"என்ன தம்பி, நுரையும் வாடையும்? பாட்டரிக்குக் கள்ளு ஊத்திக் கொடுத்தீங்களா? இல்லே, குடிச்சது போக மிச்சமா?"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வோல்ட்டுக்காரரும் சிரித்தார். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவன் நான். தீர்த்தத்தால் பாட்டரி கெட்டது என்று எந்த வாயால் சொல்வது?

பட்டறையில் வாசலோரமாக நின்று பார்த்தேன். துரை கேட்கக் கேட்க, பட்டறைக் கணக்கு எழுதும் தமிழ்க் கிராணி மாற்றிச் சொன்னார். வோல்ட்டு என்றால் என்ன என்ற கேள்விக்கு வோல்ட்டுக்காரர் கோயில் மணியையும் கூட்டத்தையும் வாசப்படித் தலைவரையும் சொன்னார். கிராணி அதை இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் துரை மேசையைத் தட்டிச் சிரித்தார். அப்புறம் மீட்டரை வைத்தார்கள். ஊசி எட்டுக்குப் போவதற்கே மூச்சு வாங்கியது.

"என்ன தண்ணி ஊத்துனேன்னு துரை கேக்கிறாரு" என்றார் கிராணி.

வோல்ட்டுக்காரர் ஒரு தடவை, ஒரே தடவை, வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "என் கையாலேதான் ஊத்துனேன். பாட்டில் மாறிப்போச்சு. தப்பு என்னுதுதான்."

இன்னொரு வருஷம் பாட்டரி துடைக்கும் வேலை.

திரும்பும் பஸ்ஸில், பாலத்தின் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பாவிப்பா. ஆறு வாயைப் பாத்ததும் புத்தி போயிடுச்சு."

"சந்தனம் பாத்தப்பவே தெரியும் அண்ணே."

"அப்புறம் ஏன் சொல்லலே?"

"சொல்லி யாரைக் காட்டிக் குடுக்குறது? என் பரீட்சைக்காகச் சாமிகிட்டே போய் நின்னது ஊருலே நீங்க ஒருத்தருதான்." பிறகு பழைய வோல்ட்டுக்காரர் ஆனார். "உங்க பக்தியிலே வோல்ட்டு குறையே இல்லே அண்ணே. நடுவுலே ஒரு ஃபியூஸ் வைக்கலே, அம்புட்டுதான்."

வீட்டுக்கு வந்து பார்த்தால், அமிலம் தெறித்து என் பூஜை வேட்டியில் சல்லடைபோல ஓட்டை. "எண்ணிப் பாருங்க, ஆறு இருக்கா?" என்றாள் என் மனைவி. அவளுக்கு நான் சொல்லாமலே தெரிந்திருந்தது.

மறு வருஷம் அவர் தேறிவிட்டார். பரீட்சைக்கு முந்தின நாள் அறையைப் பூட்டினார். ஆனால் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சாவியை அன்று முழுக்க மடியில் முடிந்துகொண்டு அந்தக் கதவுப் பக்கமே போகாமல் கிடந்தேன்.

அவர் இப்போது இல்லை. எங்கள் தெருவில் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால், கள்ளை ஊற்றிப் பாட்டரியைக் கெடுத்தவர் என்றுதான் சிரிக்கிறார்கள். கள்ளுக்கடை இருக்கும் பக்கம்கூட நடக்காத மனிதர். அதை அவர் மறுத்ததில்லை. நானும் மறுக்கவில்லை.

படிக்கிறவர்களே, இந்தக் கதையை நாலு பேரிடம் நீங்கள் சொல்லத்தான் வேண்டும். சிரிக்கச் சிரிக்கவே சொல்லுங்கள், அவருக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கள் இல்லை, தீர்த்தம். ஊற்றிய கை என்னுடையது.