கொழுந்துத் தராசில் சோலைமலை

"கொஞ்சம் ஆடாம இருங்க டிரைவர். நம்பர் நிக்க மாட்டேங்குது" என்றார் கணக்கப்பிள்ளை.

"நான் எங்கங்க ஆடுறேன்? சாக்குல்ல சுத்துது!"

தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர் சோலைமலை ஒரு கொழுந்துச் சாக்குக்குள் முழங்கால் நாடியில் இடிக்க மடங்கி உட்கார்ந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தராசுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தார். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதர், மகளைப் பெரியவளாக்கி வேலைக்கும் அனுப்பிவிட்டவர், காரணமில்லாமல் சாக்குக்குள் ஏற மாட்டார்.

காரணம் லைசன்ஸ். கனரக வாகன லைசன்ஸைப் புதுப்பிக்க டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் மெஷினில் ஏற்றிப் பார்த்தார். எண்பத்தெட்டு கிலோ. பிரஷரும் கூட. "ஆறு கிலோ குறைச்சிட்டு அடுத்த மாசம் வாங்க. அப்பதான் கையெழுத்து" என்று சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் லைசன்ஸ் இல்லை. லைசன்ஸ் இல்லாவிட்டால் இருபத்தி மூன்று வருஷமாக அவர் ஓட்டும் லொறி மாற்று டிரைவர் வினோஜன் கைக்குப் போய்விடும். வினோஜன் நல்ல பையன்தான். ஆனால் விஷயம் கேள்விப்பட்ட அன்றே, "அண்ணே, இந்த சீட்டை முன்னுக்குத் தள்ளலாங்களா?" என்று கேட்டுவிட்டான்.

"என்னா சாப்பிடணுங்க டாக்டர்? மரக்கறியா, இறைச்சியா?" என்று சோலைமலை கேட்டிருந்தார்.

"எதைச் சாப்பிட்டாலும் கொஞ்சமா சாப்பிடுங்க."

சோலைமலைக்கு ஏமாற்றமாகப் போயிற்று. அவ்வளவு தூரம் பஸ்ஸில் போனதற்கு ஒரு பத்தியம் கூடச் சொல்லத் தெரியவில்லை, இவரெல்லாம் என்ன டாக்டர்!

பத்தியத்தை மகள் தனுஷிகா சொன்னாள். முன்பள்ளியில் சொல்லிக்கொடுப்பவள், மிச்ச நேரத்தில் போனைப் பார்த்துத் தான் கற்றுக்கொள்பவள்.

"இறைச்சி, முட்டை, கருவாடு, பால் ஒண்ணுமே கூடாதுப்பா. முழுக்க மரக்கறி. வெளிநாட்டுல எல்லாம் இப்ப அதுதான்."

"கீரையைத் தின்னுட்டு லொறி ஸ்டியரிங்க எப்படிடி திருப்புவாரு?" என்றாள் அவர் மனைவி அம்மாக்கண்ணு. காலையிலிருந்து மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிறவள் அவள்தான் என்பதால், அவள் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனாலும் மகளே ஜெயித்தாள். கோவா, போஞ்சி, நோகோல், பீட்ரூட் என்று மரக்கறியாகவே ஒரு வாரம் ஓடியது. அதன் பலனைப் பார்க்கத்தான் சோலைமலை சாக்குக்குள் ஏறியிருந்தார். தோட்டத்தில் வேறு தராசு இல்லை. கையால் பிடித்துத் தொங்கினால் நம்பர் குதிக்கிறது. நம்பர் காட்டும் பெட்டியோ தூணின் அந்தப் பக்கம், கணக்கப்பிள்ளை செல்லசாமிக்கு நேராக இருந்தது. அவர் வாசிப்பதுதான் வேதம்.

"எண்பத்திரண்டு" என்றார் செல்லசாமி. தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாத மனிதர் அவர்.

"எவ்வளவுங்க?"

"எண்பத்திரண்டு. இறங்குங்க, கொழுந்து வாடுது."

ஒரே வாரத்தில் ஆறு கிலோ! சோலைமலை நனைந்துகொண்டே லயத்து வீட்டுக்கு ஓடினார். தனுஷிகாவின் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். பக்கத்து வீட்டு அழகம்மாவைக் கூப்பிட்டு, இறைச்சி என்பது மனிதன் சாப்பிடுகிற பொருளே இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினார்.

"அப்புறம் ஏன் பெல்ட்டு அதே ஓட்டையில நிக்குது?" என்றாள் அம்மாக்கண்ணு.

"பெல்ட்டு சுருங்கியிருச்சு புள்ள. மழை."

நாலு நாள் கழித்து நல்ல வெயில். சந்தோஷத்தை இன்னொரு தடவை அனுபவிக்கலாம் என்று சாக்குக்குள் ஏறினார்.

"எண்பத்தாறு."

"ஐயா, நல்லாப் பாருங்க. இன்னும் நோகோல்தாங்க சாப்பிடுறேன்."

"எண்பத்தாறுதான்."

நோகோல் சாப்பிட்டு நாலு கிலோ கூடிய முதல் மனிதர் தாம்தானோ என்று சோலைமலைக்கு மலைப்பாக இருந்தது. தனுஷிகா போனைப் பார்த்து, உருளைக்கிழங்கும் பருப்பும்தான் குற்றவாளிகள் என்றாள். அவற்றையும் நிறுத்தினார்கள். சோறும் ரொட்டியும் பாதியாயின. இரண்டு நாள் வெறும் இலையாகச் சாப்பிட்டுவிட்டு ஏறினார். அன்றும் வெயில், அன்றும் எண்பத்தாறு.

பசி மயக்கத்தில் அக்கரப்பத்தனை டவுனுக்கு லொறிக்கு டீசல் அடிக்கப் போனவர், கோழிக்கடை பைஸரிடம் அழாத குறையாகச் சொன்னார்.

"என்னா சோலை அண்ணே நீங்க, படிச்ச புள்ள சொன்னாப்ல நம்பிர்றதா?" என்றார் பைஸர். "ஒடம்பைக் கூட்டுறது ரொட்டியும் சோறும்தான். அதை வுட்டுட்டு கோழியை மட்டும் சாப்பிடுங்க. ஒரே கிழமை. அப்புறம் என்னாண்டு வந்து சொல்லுங்க."

"மெய்யாவா பைஸர் நானா?"

"இத்தனை வருசமா கோழி விக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

காலையில் கோழி, பகலில் கோழி, ராத்திரி கோழி. ரொட்டி இல்லாமல் கறியை மட்டும் தின்பதைப் பார்க்கச் சகிக்காமல் அம்மாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனுஷிகா அப்பாவோடு பேசுவதையே நிறுத்தினாள். ஐந்தாம் நாள் விடிந்ததிலிருந்து அடைமழை. சோலைமலை ஏப்பம் விட்டபடி சாக்குக்குள் ஏறினார்.

"எண்பத்திரண்டு."

உடனே லயம் முழுக்கச் செய்தி பரவியது. அழகம்மாவிடம் போய், மரக்கறி என்பது மாட்டுக்குக் கடவுள் கொடுத்தது என்று இன்னொரு அரை மணி நேரம் விளக்கினார்.

"போன கிழமை வேற சொன்னீங்களே?" என்றாள் அவள்.

"அது போன கிழமை."

நன்றி சொல்வதற்காகக் கோழிக்கடைக்குப் போனார். பைஸர் கல்லாவுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து பகல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்சலில் சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல்.

"என்னா நானா, நீங்க கோழி சாப்பிடலையா?"

பைஸர் வெட்கத்தோடு இலையை மூடினார். "எனக்கு கொலஸ்ட்ரோல் அண்ணே. ஊட்ல எம் பொஞ்சாதி ஆறு மாசமா இறைச்சியைக் கண்ணுலயே காட்டுறதில்ல. நீங்க வெளில சொல்லிராதீங்க, யாவாரம் கெட்டுரும்."

சோலைமலை அடுத்த நாள் வெயிலில் ஏறிப் பார்த்தார். எண்பத்தாறு. கோழியும் கைவிட்டுவிட்டது.

இனி என்ன செய்வது? ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் பத்து நாள்தான் இருந்தது. வினோஜன் லொறிக் கண்ணாடியில் மாட்ட ஒரு பிள்ளையார் படம் வாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி. இந்த லொறியின் ஒவ்வொரு இருமலையும் அறிந்தவர் சோலைமலை. அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்வதை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் இரண்டையும் கலந்தார். காலையில் மரக்கறி, ராத்திரி கோழி.

"ரெண்டு சட்டி, ரெண்டு கறி, நடுவுல நான் ஒருத்தி" என்றாள் அம்மாக்கண்ணு. "நாளைக்கு நீங்க மலைக்குப் போங்க, நான் லொறி ஓட்டுறேன்."

எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது, எது இறக்குகிறது என்று கையும் களவுமாகப் பிடிக்க ஒரே வழிதான் இருந்தது. கொழுந்து நிறுக்கிற ஒவ்வொரு தடவையும் அவரும் ஏறுவது. காலை நிறுவையில் மழை தூறியது, எண்பத்திரண்டு. அதற்குப் பிறகு பகல்வரை அவர் வாயில் போட்டது ஒரு பிளேன்டீ மட்டும். பகல் நிறுவைக்குள் வானம் வெளுத்து, தேயிலைச் செடியெல்லாம் காய்ந்துவிட்டது. ஏறினார்.

"எண்பத்தாறு."

"ஒரு கோப்பை பிளேன்டீ நாலு கிலோவாங்க?"

செல்லசாமி அடுத்த சாக்கைக் கொக்கியில் மாட்டினார்.

குற்றவாளி கடைசியில் அகப்பட்டுவிட்டான். தேத்தண்ணி! பிறந்ததிலிருந்து குடித்தது, அப்பனும் பாட்டனும் குடித்தது, இத்தனை வருஷமாக லொறி லொறியாக ஏற்றியது. சோலைமலை அன்றே தேத்தண்ணியை நிறுத்தினார். தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணி குடிக்காதவரைப் பார்க்க ஜனம் வந்துபோனது. மூன்றாம் நாள் தலைவலி மண்டையைப் பிளக்க, லொறியைப் பின்னுக்கு எடுத்தவர் ஒரு சக்கரத்தை ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறக்கிவிட்டார். இருபத்தி மூன்று வருஷத்தில் முதல் தடவை. லொறியைத் தள்ள வந்தவர்களில் வினோஜனும் இருந்தான். அவன்தான் எல்லாரையும் விட முக்கித் தள்ளினான். அதுதான் சோலைமலைக்கு அதிகமாக வலித்தது.

"பேசாம டாக்டர் சொன்னாப்ல கொஞ்சமா சாப்பிட்டிருந்தா என்னங்க?" என்றாள் அம்மாக்கண்ணு.

"எதைக் கொஞ்சமா சாப்பிடுறதுன்னு அந்தாளு சொல்லலையே புள்ள!"

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் விடிந்தது. மூன்று நாள் விடாத மழை. சோலைமலை முந்தின ராத்திரி, போவது போகட்டும் என்று ரொட்டி, கோழி, போஞ்சி, கருவாடு எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டு, மேலே இரண்டு கோப்பை தேத்தண்ணியும் குடித்திருந்தார். காலையில் சாமியை வேண்டிக்கொண்டே சாக்குக்குள் ஏறினார்.

"எண்பத்திரண்டு" என்றார் செல்லசாமி.

சாக்குக்குள்ளேயே அழுதுவிட்டார் சோலைமலை. எந்தச் சாப்பாட்டால் குறைந்தது என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். லொறி தப்பியது. அது போதும். வேட்டியை மாற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மெஷினில் ஏறி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். டாக்டர் குனிந்து பார்த்தார். போன மாசத்துத் துண்டுச் சீட்டைப் பார்த்தார். மறுபடியும் மெஷினைப் பார்த்தார்.

"எண்பத்தெட்டு. ஒரு கிலோ கூடக் குறையல."

"டாக்டர், அந்த மெஷின் பழுதுங்க."

டாக்டர் தாமே ஏறிக் காட்டினார். பிறகு நர்சையும் ஏற்றிக் காட்டினார். மெஷின் நன்றாகவே இருந்தது.

"ஒரு மாசமா என்னா சாப்பிட்டீங்க?"

சோலைமலை சொன்னார். நோகோலில் தொடங்கி, கோழி வழியாக, பிளேன்டீ வரைக்கும் சொன்னார். டாக்டர் பேனையை மூடி வைத்தார்.

"இன்னொரு மாசம் பார்ப்போம். அதுவரைக்கும் லொறி ஓட்ட வேணாம்."

பின்னேரம் சாவியை வினோஜன் கையில் கொடுத்தபோது சோலைமலையின் விரல்கள் விட மறுத்தன. வினோஜன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அவருடைய லொறி அவரில்லாமல் உறுமிக்கொண்டு வளைவில் திரும்பியது. அதைப் பார்த்தபோது வந்த துக்கம் அப்படியே கோபமாக மாற, கொட்டும் மழையில் மடுவத்துக்கு நடந்தார்.

பின்னேர நிறுவைக்குக் கொழுந்து எடுத்த பெண்கள் நனைந்த சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். அம்மாக்கண்ணுவும் நின்றாள். சோலைமலை வரிசையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார்.

"கணக்கப்புள்ளைங்க! ஒங்க தராசு பொய் சொல்லுது! காலையில எண்பத்திரண்டுன்னீங்க, ஆஸ்பத்திரியில எண்பத்தெட்டு! ஒங்க தராசை நம்பி நான் கோழியைத் தின்னேன், கோவாவைத் தின்னேன், தேத்தண்ணியை வுட்டேன், இப்ப லொறியும் போயிருச்சு! இதுக்கு என்னா சொல்றீங்க?"

செல்லசாமி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நீளமாகப் பேசினார்.

"தராசு எண்பத்தெட்டுதான் காட்டுச்சு டிரைவர், சாக்குக்கு ரெண்டு கிலோ, மழை நாள்னா தண்ணிக்கு இன்னும் நாலு கிலோ கழிச்சுத்தானே இருபது வருசமா இந்தப் பொம்பளைங்க எல்லாருக்கும் சொல்றேன், ஒங்களுக்கு மட்டும் முழுசா சொன்னா அது நியாயமாங்க?"