அண்ணி போடும் நீள்வட்டம்

சேக்காடு, ஆவடி
ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள அண்ணன் ஜெகதீஷுக்கு,

உன் ஒரே தங்கை பவித்ரா வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், மாடித் தொட்டி முன்பு போலவே ஒழுகுகிறது. குஜராத்தில் நீ காற்றாலை மேல் ஏறும்போது மறக்காமல் பெல்ட் மாட்டிக்கொள்கிறாய் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை உண்மையாக்கவும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டில் யார் போன் பேசினாலும் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். உன் வாட்ஸ்அப்போ அண்ணியின் போனிலும் திறந்தே கிடக்கிறது. ஆகவே தபால்காரரை நம்புகிறேன். விஷயம் உன் மனைவி சிம்ரனைப் பற்றியது. பதறாதே, அவர் நன்றாகத்தான் இருக்கிறார். அதுதான் விஷயமே.

மூன்று மாதமாக நான் ஞாயிறு காலைகளில் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு தையல் கடை மாடியில் நடக்கும் ஓவிய வகுப்புக்குப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். என் கல்லூரியை அப்பா தேர்ந்தெடுத்தார், நம் தெருவில் நிற்கும் பஸ் அதன் வாசலிலும் நிற்கிறது என்பதற்காக. பாடத்தைக் கல்லூரியே தேர்ந்தெடுத்தது, வேறு எதிலும் இடமில்லை என்பதற்காக. நானாகப் போய், நானாகக் கதவைத் தட்டி, நானாகப் பெயர் கொடுத்த ஒரே இடம் இந்த வகுப்பு. ஆனால் அம்மா, "ஒத்தப் பொண்ணா ரயில்ல போவாத, சிம்ரனக் கூட்டிக்கினு போ" என்று சொல்லிவிட்டாள். வாரம் ஆறு நாள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்து அலுத்துப்போன அண்ணி, ஏழாவது நாளும் எனக்காக அதே அம்பத்தூருக்கு வந்தார். இதற்கு நான் நன்றியுடன் இருந்திருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் இருந்தேன்.

வகுப்பில் ரெனிஷ் சார் முதல் அரைமணி நேரம் எதையும் வரைய விடமாட்டார். வெறும் வார்ம்-அப். நீள்வட்டம், நீள்வட்டம், மறுபடியும் நீள்வட்டம். குடம் வரைந்தாலும் டயர் வரைந்தாலும் அதன் வாய் நீள்வட்டம்தான், அது கோணினால் எல்லாம் கோணும் என்பார். பென்சில் தாளைத் தொடாமல் காற்றிலேயே இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவது சுற்றில் விமானம் இறங்குகிற மாதிரி தாளில் இறங்க வேண்டும். மணிக்கட்டு அசையக் கூடாது, தோள்தான் சுற்ற வேண்டும். பிறகு இரண்டு கோடு போட்டு, நடுவே நீள்வட்டங்களை வரிசையாக நிறுத்தும் விளையாட்டு. காலை எட்டரை மணி ரயிலில் நிற்கிற ஜனங்களைப் போல, இரண்டு சுவரையும் தொட வேண்டும், பக்கத்து ஆளையும் தொட வேண்டும், ஆனால் ஒருவர் மேல் ஒருவர் ஏறக் கூடாது. அதற்கடுத்து வளையல் விளையாட்டு. முழு வளையலில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, கடைசியில் ஒரு கோடாக முடிப்பது.

"நீள்வட்டத்துக்கு மூக்கு கிடையாதும்மா" என்றார் சார் என் தாளைப் பார்த்து. என்னுடையவற்றுக்கு இரண்டு பக்கமும் மூக்கு இருந்தது. சிலவற்றுக்கு ஜலதோஷமும் பிடித்திருந்தது.

அதனால் விடாமல் பயிற்சி செய்தேன் அண்ணா. ரயிலில் காற்றிலேயே சுற்றினேன். எதிரில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா சுத்திப் போடற? என் புள்ளைக்கும் சேத்து சுத்திடு, ரெண்டு நாளா அழுதுகினே கீது" என்றார். குழந்தைக்கு மூன்று சுற்று சுற்றினேன். அடுத்த இருக்கைக்காரர் தன் புது போனை நீட்டினார், அதற்கும் சுற்றினேன். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்ததில் அவர் தோள் குலுங்கியது. வீட்டில் சாப்பிடும்போது தோளைச் சுற்றியதில் சாம்பார்க் கிண்ணம் அப்பாவின் வெள்ளைச் சட்டை மேல் இறங்கியது, விமானம் இறங்குகிற மாதிரியேதான். அப்பா என்னைத் திட்டவில்லை. "படிச்ச பொண்ணு, இன்னாவோ பண்ணுது" என்று மட்டும் சொன்னார். அது திட்டை விட மோசம்.

இப்போது உன் மனைவிக்கு வருகிறேன். மூன்றாவது வாரம் சார் பின்னால் பார்த்து, "சும்மா உக்காந்துகினு இருக்கீங்களே, நீங்களும் நாலு சுத்து சுத்துங்க" என்று அண்ணியிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அண்ணி துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டார். காற்றில் ஒரு சுற்று. இறங்கினார். முழு வளையலில் ஆரம்பித்து ஒற்றைக் கோடு வரை, பிசிறில்லாமல் ஒரு ஸ்பிரிங் தாளின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை அண்ணா! கறிவேப்பிலை உருவுகிறவர் முகம் மாதிரி இருந்தது! சார் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "எங்க கத்துக்கினீங்க?"

"கத்துக்கல சார். கம்பெனில ஒரு நாளைக்கு ஆறாயிரம் ரப்பர் ரிங்கு செக் பண்றேன். சாய்ச்சிப் புடிச்சிகினு கட்டைவெரல ஒரு ரவுண்டு ஓட்டுனா எங்க பிசிறு கீதுன்னு தெரிஞ்சிடும். அதே ரவுண்டுதான் இது."

நான் முதல் பெஞ்சில், ரப்பரால் மூக்கு அழித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. வகுப்பில் எல்லோரும் "அக்கா, எப்பிடிக்கா?" என்று அவரைச் சுற்றி நிற்கிறார்கள், அவரும் "தோள லூசா உடு, பயந்துகினு சுத்தாத" என்று சொல்லிக்கொடுக்கிறார். எனக்கும் சொல்லிக்கொடுக்க அழைத்தார், நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். இதைவிடக் கொடுமை வீட்டில். கூடத்தில் என் பட்டச் சான்றிதழை லேமினேட் செய்து மாட்டியிருக்கிறோமே, நம் வம்சத்திலேயே முதல் டிகிரி என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா காட்டுவாளே, அதன் ஆணியிலேயே துணி கிளிப் போட்டு அண்ணியின் ஸ்பிரிங்கைத் தொங்க விட்டிருக்கிறாள். என் பெயர் மறைகிறது. போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரிடம், "எங்க மருமவ போட்டது, பத்தாவதுதான் படிச்சிருக்கு" என்றாள். டிகிரி வாங்க எனக்கு மூன்று வருடம் ஆனது. அந்த ஸ்பிரிங்குக்கு அண்ணிக்கு முப்பது விநாடிகூட ஆகவில்லை.

ஆனால் இன்று நடந்ததைக் கேள். இரண்டு வாரம் கழித்து விடுமுறைக்குச் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு வரப்போகிறார்கள். அவர்களுக்குப் போர்டில் நின்று வார்ம்-அப் நடத்த ஒருவரை, இன்றைய தாள்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன் என்று சார் சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டும் அண்ணா. கல்லூரியில் மூன்று வருடமும் செமினார் வந்தால் எனக்குக் காய்ச்சல் வரும். போர்டுக்கு முன்னால் ஒரு தடவைகூட நின்றதில்லை. சார் தாள்களைப் புரட்டி, ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இதப் பாருங்க. ரெண்டு சுத்து, ஒரே தடம். கீழ பதினாலுன்னு போட்டிருக்கு. யாரு பதினாலு?" தாளில் பெயருக்குப் பதில் வருகைப் பதிவேட்டு எண்ணைத்தான் போடுவோம், பதினாலாம் எண் நான்தான். எழுந்து நின்றேன். கைதட்டினார்கள். அண்ணியும் தட்டினார், எல்லோரையும் விடச் சத்தமாக.

ஆகவே உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஞாயிறு அண்ணி வகுப்புக்கு வரக் கூடாது. நீயே அவரிடம் சொல். திருநின்றவூருக்கு, அவர் அம்மா வீட்டுக்குப் போய்வரச் சொல், ஏரிக் காற்று உடம்புக்கு நல்லது என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். நான் போர்டில் சுற்றும்போது அவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் என் நீள்வட்டத்துக்கு மறுபடியும் மூக்கு முளைக்கும். வேறு காரணம் எதுவும் இல்லை. இதில் பொறாமையும் இல்லை. பட்டம் வாங்கிய பெண், ரப்பர் ரிங்கைப் பார்த்தா பொறாமைப்படுவேன்?

அப்பா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். அம்மா ஊறுகாய் பார்சல் அனுப்புகிறாள், மூடியை மேல்பக்கம் வைத்துத் திற. நீ ஏறுகிற ஒவ்வொரு காற்றாலையும் உன்னைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று எல்லாச் சாமியிடமும் சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன் தங்கை,
பவித்ரா, பி.ஏ.

பி.கு: இதை மடிக்கும்போது அண்ணி டீ கொண்டு வந்தார். நான் சட்டென்று கடிதத்தின் மேல் படுத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஞாயிறு தனக்கு ஓவர்டைம் போட்டிருந்ததை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். "எங்க லைன்ல எல்லார் கிட்டயும் சொல்லிட்டேன், எங்க நாத்தனாரு போர்டுல நிக்கப்போவுதுன்னு." அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அண்ணா, அந்தத் தாள் என்னுடையது இல்லை. கம்பெனியில் அண்ணியின் செக்கர் எண்ணும் பதினாலு. பார்த்து முடித்த பெட்டியில் எல்லாம் "14 ஓகே" என்று எழுதுகிற பழக்கத்தில், படம் போட்டாலும் கீழே அப்படித்தான் எழுதுகிறார். சார் தாளைத் தூக்கியபோதே ஸ்பிரிங்கைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் எழுந்தேன். எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

"தெரியும்" என்றார். "நான் போட்டது எனக்குத் தெரியாதா? நீ எழுந்து நின்னியே, அதப் பாத்துகினு இருந்தேன். மூணு மாசமா சார் கேள்வி கேட்டா டேபுளுக்குக் கீழதான பென்சில் தேடுவ? சரி, நிக்கட்டும்னு உட்டுட்டேன்."

உடனே சாருக்கு நானே போன் செய்தேன், ஸ்பீக்கரில், அம்மா முன்னாலேயே. அந்த ஞாயிறு போர்டில் அண்ணி சுற்றுவார், பக்கத்தில் நின்று நான் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுவேன் என்று முடிவாகியிருக்கிறது. அண்ணிக்குப் பேச வெட்கமாம்! எனவே மேலே எழுதிய எதையும் படிக்காதே. படித்துவிட்டிருந்தால் மற. திருநின்றவூர் வேண்டாம், ஏரிக் காற்று உடம்புக்கு ஆகாது. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வராததால்தான் அனுப்புகிறேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அந்த ஸ்பிரிங்கைக் கூடத்தில் இன்னொரு ஆணி அடித்துத் தள்ளி மாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் அண்ணியே இதைத் தபால் பெட்டியில் போடுகிறேன் என்கிறார். நான்தான் ஒட்டப்போகிறேன். ஒட்டியது சரியா என்று அவர் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டார். உறையின் பின்னால் "14 ஓகே" என்று இருந்தால் அவர் ஓரத்தை மட்டும்தான் பார்த்தார் என்று அர்த்தம். உள்ளே இருக்கும் தாளிலும் அப்படி எழுதியிருந்தால், எனக்கு உடனே ஒரு போன் செய். ஸ்பீக்கரில் வேண்டாம்.