மெக்வாட்டி தொரை எழுதி வச்ச வசனம்

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. ரங்கூன் ஆத்தைத் தாண்டி அக்கரையில இருக்கற டாலாவுக்குப் போகணும், ஒரு கல்லறையை ஒரு போட்டோ எடுக்கணும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே திரும்பிடணும்.

இதுல என்ன தப்பு நடந்துட முடியும்னு நீங்க கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

இந்த வேலையை எனக்கு யாரும் கொடுக்கல. நானே போய் வாங்கிக்கிட்டேன்.

நான் வீட்ல இங்கிலீஷ் டியூஷன் எடுக்கறவ. டீச்சரை இங்க ‘சயாமா’ன்னு கூப்பிடுவாங்க. நாலு பேர் அப்படிக் கூப்பிட்டா எனக்குத் தலை கொஞ்சம் கனத்துடும். எங்க பில்டிங் மாடிப்படியில ‘இங்கே வெத்தலை எச்சில் துப்பாதீர்’னு இங்கிலீஷ், பர்மா பாஷை, தமிழ்னு மூணு மொழியில போர்டு எழுதி மாட்டினது நான்தான். இப்ப எல்லாரும் குறி பார்த்து அந்த போர்டு மேலேயே துப்பறாங்க.

இந்த லட்சணத்துல ஒருநாள், கரண்ட் இருந்த நேரமா பார்த்து ஃபேஸ்புக்கைத் திறந்தேன். பழைய ரங்கூன் பத்தின ஒரு குரூப்புல, ஸ்காட்லாந்துலேர்ந்து ஃபியோனான்னு ஒரு அம்மா எழுதியிருந்தாங்க.

அவங்களுக்கு ஒரு தாயார், பேரு ஜீன். வயசு தொண்ணூத்தொண்ணு. ஜீனம்மாவோட பெரியப்பா டங்கன் மெக்வாட்டி, வாலிப வயசுல கப்பல் ஏறி இங்க வந்து, டாலாவுல ஒரு அரிசி மில்லுக்கு மேனேஜராகி, இங்கேயே தங்கிட்டாராம். ஊருக்குத் திரும்பவே இல்ல. ‘அண்ணன் எங்கேயோ முகம் தெரியாத ஊர்ல கிடக்கறான், ஒரு பூ வைக்கக்கூட ஆள் இல்ல’ன்னு ஜீனம்மாவோட அப்பா சாகற வரைக்கும் புலம்பினாராம். அந்தக் கல்லறையைப் போட்டோவுலயாவது பார்த்துடணும்னு இப்ப ஜீனம்மாவுக்கு ஆசை.

படிச்சதும் மனசு இளகிடுச்சு. கூடவே வாயும் இளகிடுச்சு. ‘டாலாவா? எங்க வீட்டு வாசல் மாதிரி. சனிக்கிழமை எடுத்து அனுப்பறேன்’னு எழுதிட்டேன்.

அந்த வாசலை நான் மிதிச்சுப் பன்னண்டு வருஷம் ஆச்சுங்கறதை மட்டும் எழுதல.

படகை விட்டு இறங்கினதும் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவுல ஏறினேன். ஓட்டினவர் பேரு கோ மியோ. பர்மா பாஷையில கேட்டேன்.

“வெள்ளைக்காரர் கல்லறை ஒண்ணு இங்க இருக்காமே?”

“கல்லறை தெரியாது. வெள்ளைக்காரர் கல்லு ஒண்ணு இருக்கு. ஊ பழனி டீக்கடை பக்கத்துல.”

கல்லறைன்னா கல்லு இருக்கத்தானே செய்யும்! “விடுங்க வண்டியை”ன்னேன்.

போய்ப் பார்த்தா, ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அடியில இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்லு. கல்லுக்கு மஞ்சப் பட்டு. பட்டுக்கு மேல மல்லிகைச் சரம். முன்னாடி ஒரு பச்சைச் சுருட்டு, ஒரு டம்ளர் ரம். கல்லு முழுக்க மஞ்சளும் குங்குமமும் கை தடிமனுக்கு அப்பியிருந்துச்சு.

அடியில மட்டும், மஞ்சள் கொஞ்சம் உதிர்ந்த இடத்துல, இங்கிலீஷ் எழுத்து. டி. மெக்வாட்டி.

“கிடைச்சுட்டார்!”னு கத்திட்டேன்.

“முதல்ல செருப்பைக் கழட்டுங்க”ன்னு தமிழ்ல ஒரு குரல். ஊ பழனி. அறுபது வயசு இருக்கும். டீ ஆத்தற கையோட வந்து நிக்கறார். பெரியவங்க பேருக்கு முன்னாடி ‘ஊ’ போடறது இந்த ஊர் மரியாதை. நான் ‘அண்ணே’ன்னும் சேர்த்துக்கிட்டேன்.

“அண்ணே, இது கல்லறைங்க. இவரோட சொந்தக்காரங்க ஸ்காட்லாந்துல தேடறாங்க.”

“அதெல்லாம் தெரியாது சயாமா. எங்களுக்கு இவரு தொரை ஐயா. எங்கப்பா காலத்துலேர்ந்து பூசை பண்றோம். பேசினா கேக்கற தெய்வம். போன மாசம் ஒருத்தன் படகு காணாமப் போச்சு. ஐயாகிட்ட சொன்னோம். மூணாம் நாளு த்வாண்டே கால்வாயில மிதக்குது.”

நான் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ. போதாததுக்கு, புதன்கிழமை எங்க வீட்ல ஜெபக்கூட்டம். பாஸ்டரே வருவார். ஆனா அந்தக் கல்லு முன்னாடி நான் பயபக்தியா நின்னு, ஊ பழனி கொடுத்த வாழைப்பழத்தையும் வாங்கிக்கிட்டேன். வேண்டாம்னா போட்டோ எடுக்க விடமாட்டாரோன்னு பயம்.

போட்டோவை அனுப்பி ஒரு மணி நேரம்கூட ஆகல, ஃபியோனா போன்ல அழறாங்க. “அம்மா உங்களை ஆயிரம் தடவை வாழ்த்தறாங்க. ஒரே ஒரு கேள்வி. பேருக்கு மேல என்ன எழுதியிருக்கு? வேத வசனமா?”

இங்க நான் ‘தெரியல’ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா இந்தப் பதிவே இல்ல.

“வசனம்தான்! சந்தேகமே வேண்டாம். அடுத்த சனிக்கிழமை கல்லைச் சுத்தம் பண்ணி, வீடியோ கால்ல நானே படிச்சுக் காட்டறேன்”னேன்.

ஊ பழனிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் பதறிட்டார். “ஐயா மேல சுரண்டறதா? கை விளங்குமா?”

“பின்ன எப்படிண்ணே?”

“முழுக்காட்டலாம். சுடுதண்ணி, சீயக்கா, பால், இளநீர். முறைப்படி செஞ்சா ஐயாவே மஞ்சளை விட்டுக் கொடுத்துடுவாரு. ஆனா ஊரைக் கூப்பிடாம செய்ய முடியாது.”

ஊரைக் கூப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் போனப்ப தோரணம் கட்டியிருக்கு. மேளம் ஒண்ணு, சக்கரைப் பொங்கல் ஒரு அண்டா. எழுபது, எண்பது பேர். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் பர்மாக்காரங்க. என் கையில ஒரு இளநீரைக் கொடுத்து முன்வரிசையில நிறுத்திட்டாங்க. தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு சுத்திமுத்தும் பார்த்துக்கிட்டேன்.

போனை ஒரு மூங்கில் கம்புல கட்டி கோ மியோ தூக்கிப் பிடிச்சார். திரையில ஜீனம்மா. தொப்பி போட்டு, பவுடர் பூசி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி உக்காந்திருக்காங்க. பக்கத்துல ஃபியோனா. பின்னாடி அவங்க சபைப் போதகர், கருப்பு கோட்டோட. ‘வசனம்தான்’னு நான் அடிச்சுச் சொன்னதால, அந்த மனுஷனை வேற வரவழைச்சுட்டாங்க!

மேளம் கொட்டுச்சு. ஊ பழனி கொதிக்கக் கொதிக்கத் தண்ணியை ஊத்தினார். மேலேர்ந்து மஞ்சள் அப்பளம் மாதிரி பாளம் பாளமா விழுந்துச்சு. முதல் வரி தெரிஞ்சுது.

ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பார்த்த குரல் என்னுது. சர்ச்சுல வேதபாடம் வாசிக்கற அதே குரல். இங்கிலீஷ்ல படிச்சேன், உங்களுக்குத் தமிழ்ல சொல்றேன்.

“எந்த ஒரு மனிதனும்...”

திரையில போதகர் கண்ணை மூடினார். “ஆமென்.”

அடுத்த செம்பு. அடுத்த பாளம்.

“இவ்விடத்தில்...”

“ஆமென்”னு ஜீனம்மாவும் சேர்ந்துக்கிட்டாங்க. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது. மூணாவது வரி தெரிஞ்சுது. குரலை இன்னும் ஒரு கட்டை உயர்த்தினேன்.

“சிறுநீர் கழிக்கலாகாது!”

போதகர் பாதி ஆமென்ல நின்னுட்டார்.

மிச்சத்தையும் தண்ணி கழுவிக் காட்டிடுச்சு. மீறுவோர் போலீசில் ஒப்படைக்கப்படுவர். உத்தரவுப்படி, டி. மெக்வாட்டி, மேனேஜர்.

கல்லறை இல்ல. மில்லு மதில் ஓரத்துல வச்ச போர்டு.

என் இங்கிலீஷும் கௌரவமும் அந்த மஞ்சத் தண்ணியோட சேர்ந்து வாய்க்கால்ல போறதை நின்னு பார்த்தேன்.  மேளம் நின்னுடுச்சு.

“சயாமா, ஐயா என்ன எழுதியிருக்காரு?”ன்னு ஊ பழனி கேட்டார். அத்தனை கண்ணும் என் மேல. அங்க இருக்கறவங்கள்ல இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

ஆசீர்வாதம் பண்ணியிருக்கார்னு சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா ஏற்கெனவே அடிச்சு விட்ட ஒரு பொய்யோட பலனை இளநீரும் கையுமா அனுபவிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னொண்ணு தாங்காது.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க யாரும் ஒண்ணுக்குப் போகக்கூடாதுன்னு எழுதியிருக்காரு.”

அடி விழும்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

“பாத்தீங்களா!”ன்னு ஊ பழனி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். முகமெல்லாம் பெருமை. “ஐயா பவரு பாத்தீங்களா! முன்னெல்லாம் இந்த மரத்தடி மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் போகணுமாம். எங்கப்பா என்னைக்கு இந்தக் கல்லுல மஞ்சளைப் பூசிப் பூ வச்சாரோ, அன்னையிலேர்ந்து இங்க ஒரு சொட்டு கிடையாது! ஐயா உத்தரவு போட்டாரு. நாங்க நடத்தி வச்சிருக்கோம்!”

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. முன்னைவிட பக்தியா!

போனைப் பார்த்தேன். ஜீனம்மா தோள் குலுங்குது. ஐயோ, கிழவியை அழ வச்சுட்டோமேன்னு நினைச்சேன்.

அழல. சிரிக்கறாங்க. தொப்பி ஒரு பக்கமா சரியச் சரிய சிரிக்கறாங்க.

“எங்க பெரியப்பாவேதான்! சந்தேகமே இல்ல! எங்கப்பாவும் இப்படித்தான். தோட்டக் கதவு, கோழிக்கூடு, ஒண்ணு விடாம உத்தரவு எழுதி ஒட்டி வைப்பார்.”

சிரிச்சு முடிச்சதும் தொப்பியை நேரா வச்சுக்கிட்டாங்க. அப்புறம் மெதுவா, “அப்போ அவரைப் புதைச்ச இடம் தெரியாது, இல்லையா?”ன்னாங்க.

“தெரியலம்மா. என்னை மன்னிச்சுடுங்க”ன்னேன். அது நடிப்புக் குரல் இல்ல. நிஜமாவே எனக்கு அவமானமா இருந்துச்சு. தொண்ணூத்தொண்ணு வயசுல ஒருத்தங்களுக்கு ஆசை காட்டி ஏமாத்தியிருக்கேன்.

“அந்தப் பூ? அதை யார் வைக்கறது?”

ஊ பழனிகிட்ட கேட்டுச் சொன்னேன். தினம் விடியக்காலையில, கடை திறக்கறதுக்கு முன்னாடி, அவர் சம்சாரம் வைக்கறாங்க.

“தினமுமா? மழை பெஞ்சா?”

“குடையைப் பிடிச்சுக்கிட்டு வைப்பா”ன்னார் ஊ பழனி. இதெல்லாம் ஒரு கேள்வியான்னு முகத்தை வச்சுக்கிட்டார்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். ஜீனம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. “இங்க பக்கத்துத் தெருவுல இருக்கற எங்கப்பா கல்லறைக்கே நான் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் பூ வைக்கறேன். ஒரு பூவுக்கு ஆள் இல்லையேன்னு அவர் வீணா அழுதிருக்கார். அந்தம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்க.”

அப்பத்தான் நான் அழுதேன். கையில இளநீர் இருந்ததால துடைக்கவும் முடியல.

கால் முடிஞ்சதும் ஊ பழனி ஒரு பேசின் நிறைய மஞ்சளைக் குழைச்சு எடுத்துக்கிட்டு வந்தார்.

“இப்பத்தானேண்ணே கழுவினோம்! எழுத்து பளிச்சுனு தெரியுது. அப்படியே விடலாமே?”

என்னைப் பரிதாபமா பார்த்தார். “சயாமா, நீங்க படிச்சவங்க. வெறும் எழுத்தா இருந்தா எவன் மதிப்பான்?”

 பொங்கலை வாங்கிக்கிட்டுப் படகு ஏறினேன்.

வீடு வந்து சேர்ந்தா, மாடிப்படியில என் போர்டு. மூணு மொழிக்கும் பாகுபாடு இல்லாம, புதுசா சிவப்பா எச்சில் வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

அரைக் கிலோ மஞ்சத்தூள் வாங்கியாச்சு. புதன்கிழமை பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போகட்டும்னு காத்துக்கிட்டு இருக்கேன்.