பொறுங்க டிரைவரும் காய்ந்த பம்பும்

"தலைமையகத்தின் எழுத்துமூல அனுமதியின்றித் தோட்ட வாகனத்தின் எஞ்சினை எவரும் கழற்றலாகாது, மீறினால் பணிநீக்கம்." இந்த விதியைத் தட்டச்சு செய்து லொறிக் கொட்டகையில் ஒட்டியவன் பெரிய கிளாக்கராக இருந்த நான். அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் ஒயில் பம்பைக் கழற்றிப் பரப்பியவர் பொறுங்க டிரைவர்.

பொகவந்தலாவைப் பக்கம் அவரைவிட நிதானமான மனிதர் பிறந்ததில்லை. யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் "பொறுங்க". வளைவு வந்தால் லொறியை நிறுத்தி, இறங்கி, எதிரே பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து ஏறுவார். கல்யாணத்தன்று, "பொறுங்க, முடிச்சு சரியா விழல" என்று தாலியை அவிழ்த்து மறுபடி கட்டினாராம். பெண் வீட்டார் இன்னும் அதற்குச் சிரிக்கவில்லை.

அவரையே அவசரப்பட வைத்த பெருமை எங்கள் கொழும்புத் தலைமையகத்துக்கு உண்டு. ஒருநாள் லொறியில், எஞ்சினுக்கு ஒயில் ஏறவில்லை என்று காட்டும் ஒயில் விளக்கு எரிந்தது. உடனே நிறுத்திவிட்டார். நான் அனுமதி கேட்டுக் கொழும்புக்கு ஈமெயில் அனுப்பினேன். தபாலில் அனுப்பும்படி ஈமெயில் வந்தது. தபாலில் அனுப்பினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. வாடகை டிராக்டர் வந்து சேர்வதற்குள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கொழுந்து சூடேறிக் கருகியது. பறித்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கோப்பிலும் போட முடியாது. தோட்டத்தை நடத்தும் தொரையோ, "நான் எதையும் பாக்கல" என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறிவிட்டார்.

அன்றே டிரைவர் அனுமதிக்குக் காத்திராமல் பம்பைக் கழற்றினார். மூன்று நாள் வேலை. பம்பைப் பூட்டி, ஒயில் ஊற்றி, எல்லாவற்றையும் மூடினார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்குள் நல்ல நேரம். பூசாரி சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றினார். பாதி டிவிசனும் கூடியிருந்தது.

"எடுங்கண்ணே!"

"பொறுங்க."

என்னைத் தனியே அழைத்தார். முகம் வெளுத்திருந்தது. "ஐயா, பம்ப காஞ்சபடியே பூட்டிட்டேன். காஞ்ச பம்பு ஒயில இழுக்காது, காத்தத்தான் சுத்தும். இப்ப ஸ்டார்ட் ஆச்சுன்னா இரும்பும் இரும்பும் ஒரசி எஞ்சின் இறுகிரும்."

இறுகினால் வேலை போகும். வேலையோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அந்த விதியை ஓட்டை இல்லாமல் எழுதியவன் நான்.

டிஸ்பென்சரியிலிருந்து ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு வந்தது. ஒயில் விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல ஒயிலைப் புகட்டினார். சுவிட்சைத் திரும்பப் பூட்டியபின், எஞ்சினை நிறுத்தும் கம்பியை என் கையில் கொடுத்தார்.

"இழுத்துப் பிடிங்க ஐயா. விட்டீங்கன்னா ஸ்டார்ட் ஆயிரும். சும்மா சுத்தணும், விளக்கு அணையிற வரைக்கும்."

விதியை எழுதிய கையே விதியை மீறிக் கம்பியைப் பிடித்தது. அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகிச் சுற்றியது. பூசாரி கற்பூரத்தை வேகமாகக் காட்டினார்.

"ஐயோ, ஸ்டார்ட் ஆகலையே!" என்று பதறினார்.

"ஆகக் கூடாதுங்க!" என்றார் டிரைவர்.

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், ஆகணும்னு நான் சாமிகிட்ட மன்றாடிக்கிட்டு இருக்கேன், நீ ஆகக் கூடாதுங்கிற! சாமி யாரு பேச்சக் கேக்கும்?"

"பொறுங்க சாமி. மொதல்ல ஒயில் ஏறட்டும்."

கொஞ்சம் சுற்றுவார், ஸ்டார்ட்டர் ஆறட்டும் என்று நிறுத்துவார், மறுபடி சுற்றுவார். விளக்கு சிவப்பாகவே எரிந்தது. பத்தரையும் தாண்டியது. "ராகு காலம் பொறந்திருச்சு, இனி நான் பொறுப்பில்ல" என்று பூசாரி தட்டை ஊதி அணைத்தார். அடுத்த சுற்றில் லொறியின் விளக்கும் அணைந்தது.

"இப்ப விடுங்க ஐயா."

விட்டேன். எஞ்சின் பிடித்தது. குழந்தை ஏப்பம் விடுகிறதா என்று கேட்பவர்போல, டிரைவர் அதன் சத்தத்தைத் தலைசாய்த்து நெடுநேரம் கேட்டார். பிறகுதான் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

கொழும்பின் பதில் மாதங்கள் கழித்து, அதே லொறியில், தபால் பையில் வந்தது. அனுமதி இல்லை, எஞ்சினைத் தொடக்கூடாது, தொட்டவரின் பெயரை உடனே அறிவிக்க வேண்டும், பொறியியலாளர் வரும்வரை காத்திருக்கவும்.

"என்ன ஐயா போட்டிருக்காங்க?"

"பொறுக்கச் சொல்றாங்க."

"அதத்தானே நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்!" என்று சந்தோஷமாக அடுத்த நடைக்குப் போனார்.

லயத்து வாசலில் பழைய பாய்களை எரித்துக்கொண்டிருந்தார்கள். கடிதத்தோடு அங்கே நடந்தேன். என் சேவைக் காலம் முழுவதிலும் நான் தொலைத்த ஒரே கடிதம் அதுதான். கோப்பில் இல்லாவிட்டாலும், அது கிடைத்த நாள் மறக்கவில்லை: போகி.