ஆவியில் வெந்த சப்பாத்து

“காலில போடுற சாமான் எதுவா இரிந்தாலும் சரி, கடிக்குது எண்டு என்கிட்ட கொண்டு வந்தா, வாலை ஆட்டிக்கிட்டுத்தான் திரும்பிப் போகும்!”

குண்டசாலையில் ஒரு கல்யாண வீட்டில், ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்திருக்க, கோழிக்காலொன்றைச் செங்கோல்போல் உயர்த்திப் பிடித்து ஹபீல் நானா விடுத்த பிரகடனம் இது. மற்ற ஐந்து பேரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேச வாய் காலியாக இருக்க வேண்டுமே!

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ‘சின்ன வேலைதான்’ இனம். கதவு கிறீச்சிடுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டீர்களா? “சின்ன வேலைதான்” என்று எழும்புவார். ஒரு மணித்தியாலத்தில் கிறீச்சொலி இராது. கதவும் இராது. ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போனால் சேலைன் தொங்கும் கம்பியை நிமிர்த்துவார். திகன பஸ்ஸில் ஏறினால் கியர் பெட்டியின் சத்தத்தைக் காது சாய்த்துக் கேட்டு, சாரதியின் தோளைத் தட்டி, ஒரு காலத்தில் நிம்மதியாக இருந்த அந்த மனிதரின் மனதில் சந்தேகத்தை விதைப்பார். எங்கே நோகிறது என்று மட்டும் கேட்கமாட்டார். கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள் அல்லவா?

ஹபீல் நானாவுக்குத் திகனையில் இரும்புக்கடை. கடையை மச்சான் ஃபாஸில் பார்த்துக்கொள்கிறார்; ஆகவே நானாவின் நேரம் முழுக்கப் பொதுச்சேவைக்கு. இன்னுமொரு சங்கதி: எந்த வீட்டுக்குப் போனாலும் நானா முதலில் தேடுவது கதிரையை. ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. நீங்களும் இப்போதைக்கு யோசிக்க வேண்டாம்.

நானாவின் வீட்டுக்குப் பின்னாலுள்ள சிறிய அனெக்ஸில் பன்விலயைச் சேர்ந்த திவாகரனும் மனைவி டிலானியும் குடியிருந்தார்கள். கண்டியில் ஹோட்டல் வேலை பார்த்துக்கொண்டிருந்த திவாகரனுக்கு ஜப்பானின் பனிமலை விடுதியொன்றில் வேலை கிடைத்திருந்தது. பனியில் பலகை மேல் நின்று சறுக்க வருகிறவர்களுக்குச் சப்பாத்தும் பலகையும் மாட்டிவிட வேண்டும். அதே சப்பாத்தைத் தானும் மாட்டிக்கொண்டு முழுநாளும் நிற்க வேண்டும். அங்கிருந்து திரும்பிய ஒரு பழைய சிநேகிதர் தன்னுடைய சோடியைக் கொடுத்து, “இப்பவே போட்டுப் பழகிக்க. நிக்க முடியலன்னா ரெண்டாம் நாளே கோப்பை கழுவ அனுப்பிருவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது சப்பாத்தா? வெளியே தலைக்கவசம்போல் கெட்டிப் பிளாஸ்டிக், நான்கு இரும்புக் கொளுவி. உள்ளே மெத்தைபோல் இன்னொரு தடித்த சப்பாத்து. பனிநாட்டுச் சாமானாயிற்றே என்று இரண்டு கம்பளிக் காலுறைகளைப் போட்டு அதற்குள் இறங்கிய திவாகரன், அனெக்ஸ் வாசலிலிருந்து முற்றத்து ஜம்புமரம்வரை, சந்திரனில் இறங்கியவர்போல் தடக், தடக்கென்று நடந்தார். திரும்பி வரும்போது முகம் கோணியிருந்தது.

மதிலுக்கு மேலே ஒரு தொப்பி உதயமாயிற்று.

“என்ன தம்பி, கடிக்குதா?” ஹபீல் நானாவின் குரலில் அனுதாபத்தைவிட ஆனந்தமே கூட.

“குதிகால் உள்ளுக்குள்ள தூக்குதுங்க நானா. நடக்கிறப்ப ஒரசிக்கிட்டே...”

“சொல்லாதீங்க! எனக்கு விளங்கிட்டு. உள்ளுக்கு இடம் கூட. நிரப்பணும். சின்ன வேலைதான்!”

டிலானி வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்: “இந்தக் காலை நம்பித்தாங்க நானா நாங்க எல்லா ஏற்பாடும் செஞ்சிருக்கோம்.”

“தங்கச்சி, கால் உங்கடது. பொறுப்பு என்ட!”

அன்றைக்கு மூன்றாவது கம்பளிக் காலுறை ஏறியது. அடுத்த நாள் பழைய மெத்தையிலிருந்து வெட்டிய பஞ்சு. அதற்கு மறுநாள் குளியலறைச் செருப்பொன்றின் குதிப்பகுதி அறுக்கப்பட்டு உள்ளே வைக்கப்பட்டது. அதற்கு மேல், கடையிலிருந்து வந்த ரப்பர் வளையங்கள், சோடி சோடியாக. வலி குதிகாலை விட்டுப் போனது என்னவோ உண்மை. விரல்களுக்குப் போயிருந்தது. விரல்களுக்கு மருத்துவம் பார்த்ததும் முழங்காலுக்குக் கீழே வந்து குடியேறியது.

“பாத்தீங்களா?” என்று ஹபீல் நானா வெற்றிக்களிப்பில் கூவினார். “வலி ஓடுது!”

“மச்சான், அடுத்தது தலைக்குத்தான் வரும்” என்றார் கடையிலிருந்து பகலுணவுக்கு வந்திருந்த ஃபாஸில். “இப்பவே தொப்பிக்குள்ள கொஞ்சம் பஞ்சு வெச்சி விடுங்க.”

ஏளனம் இந்த இனத்துக்கு எரிபொருள். நானா கைத்தொலைபேசியைத் தடவி, எந்த நாட்டவரோ பேசிய ஒரு காணொளியைச் சத்தமில்லாமல் பார்த்து, ஒரு மகா உண்மையைக் கண்டுபிடித்தார்: உள்சப்பாத்தைச் சூடாக்கிக் காலில் போட்டால், அது காலின் வடிவத்துக்கே வந்துவிடும்! எவ்வளவு சூடு, எப்படிச் சூடு என்பதெல்லாம் காணொளியின் பின்பாதியில் இருந்தது. பின்பாதியைப் பார்ப்பது நம்பிக்கையில்லாதவர்களின் வேலை.

நானாவின் வீட்டில் சூடாக்குவதற்கு ‘அவன்’ அடுப்பு கிடையாது. ஆனால் அன்று பின்னேரம் அடுப்பில் ஆவி இருந்தது. மனைவி ஸக்கியா, தங்கை மகளின் நிச்சயதார்த்தத்துக்காக வட்டிலப்பம் அவித்துக்கொண்டிருந்தார். முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் ஏலமும் கலந்த கலவை, பெரிய சட்டிக்குள் வைத்த கிண்ணத்தில் தன் பாட்டில் இறுகிக்கொண்டிருந்தது. ஸக்கியா அஸர் தொழப் போனார். ஒரு பெண் இறைவனை நம்பித்தானே அடுப்பை விட்டுப் போகிறாள்?

ஹபீல் நானா மூடியைத் திறந்தார். திவாகரனிடம் வாங்கிவந்த இரண்டு உள்சப்பாத்துகளையும் பக்கத்துக்கொன்றாகச் செருகினார். வட்டிலப்பக் கிண்ணம் ஒரு பக்கம் சரிந்தது. கால்வாசிக் கலவை, வலது சப்பாத்தின் குதிப்பக்கமாகப் பார்த்து, அமைதியாக உள்ளே இறங்கியது.

“அல்லாஹ்வே!” தொழுதுவிட்டு வந்த ஸக்கியாவின் குரல் ஜம்புமரத்துக் காகங்களைக் கிளப்பியது. “என்ட வட்டிலப்பச் சட்டிக்குள்ள பிற மனுசன்ட சப்பாத்தா?”

“பிற மனுசனா? நம்மட திவாகரன் தம்பிட தானே!”

அதற்குமேல் ஸக்கியா சொன்னவற்றை அச்சில் ஏற்ற முடியாது. நானா தன் கைக்குட்டையால் சப்பாத்தைத் துடைத்து, எடுத்துக்கொண்டு பின்புறமாக ஓடினார்.

“நானா, சூடா இருக்குதுங்க!”

“சூடுதான் மருந்து! நில்லுங்க!”

“ஒட்டுதுங்க!”

“ஒட்டணும்! அப்பத்தான் குதிகால் தூக்காது!”

ஏல வாசம் கமகமக்க, திவாகரன் பிளாஸ்டிக் கவசத்துக்குள் சூடாக நின்று ஆறினார். அடுத்த நாள் காலை, அனெக்ஸ் வாசலில் கிடந்த அதே சப்பாத்துக்குள் இரண்டு காலையும் விட்டு, கொளுவிகளை இறுக்கினார்.  பிறகு, அந்தச் சப்பாத்து தன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக, அவர் ஓடினார். ஜம்புமரத்தைச் சுற்றி ஓடினார். மதிலோரமாக ஓடினார். ஒற்றைக்காலில்கூட ஓடினார்.

“மாஷா அல்லாஹ்!” மதிலுக்கு மேலே நானா கைதட்டினார். “தங்கச்சி, பாருங்க! எப்பிடி ஓடுறார் பாருங்க!”

“எறும்பு! எறும்பு!” என்று அலறினார் திவாகரன்.

கருப்பட்டியின் வாசம் பிடித்து வந்த கட்டெறும்புக் கூட்டம், வலது குதிகாலில் காலனி அமைத்திருந்தது.

டிலானி ஓடிவந்தாள். கணவனை உட்கார வைத்துச் சப்பாத்தை இழுத்துக் கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். பஞ்சு விழுந்தது. ரப்பர் வளையங்கள் உருண்டோடின. அரைச் செருப்பு விழுந்தது. உள்சப்பாத்தைக் கழுவிக் கொடியில் போட்டாள். கம்பளிக் காலுறைகள் எல்லாம் கருப்பட்டிப் பாகில் தோய்ந்து கிடந்ததால், மறுநாள் தன்னுடைய பழைய மெல்லிய காலுறை ஒன்றை நீட்டினாள்.

“இதப் போட்டு, வெறுஞ்சப்பாத்த மாட்டிப் பாருங்க. குதிகாலப் பின்னுக்குத் தட்டி உக்கார வச்சிட்டு, கணுக்கால் கொளுவிய இறுக்குங்க. வலிச்சா, கோப்பை கழுவத்தான் போறீங்கன்னு நெனச்சிக்குவோம்.”

திவாகரன் எழுந்தார். ஜம்புமரம்வரை போனார். வந்தார். மறுபடி போனார். வந்து நின்றார்.

“டிலானி...” என்றார், நம்பமுடியாதவராக. “தூக்கலடி. வலியே இல்ல!”

அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றக் கை, பின்னல் நுனியை முறுக்கு முறுக்கென்று முறுக்கியது.

சரியாக அந்நேரம் ஹபீல் நானா வந்தார். நிச்சயதார்த்தத்துக்காகப் பளபளவென்று கறுப்புச் சப்பாத்து. கையில் துளைபோடும் இயந்திரம். பிளாஸ்டிக்கில் காற்றோட்டத்துக்கு நாலு ஓட்டை போடும் திட்டம். திவாகரன் பீதியோடு இரண்டடி பின்வாங்கினார்.

“சரியாயிருச்சுங்க நானா! நல்லா சரியாயிருச்சு!”

நானா சப்பாத்தைப் பார்த்தார். மூலையில் குவிந்திருந்த பஞ்சு, ரப்பர் குப்பையைப் பார்த்தார். குப்பையை அவர் பார்க்கவில்லை என்று முடிவெடுத்தார்.

“நான் அண்டைக்கே சொன்னேன் தானே, தம்பி? சின்ன வேலைதான். இந்தக் கையில சரியாகாத சப்பாத்து இல்ல!”

இப்படிச் சொல்லிவிட்டு, மதிலைத் திரும்பிக் கடந்து, வீட்டு மூலையில் யாரும் காணாத இடத்துக்கு வந்ததும், ஹபீல் நானா இரு பக்கமும் பார்த்தார். சுவரைப் பிடித்தார். தன் கறுப்புச் சப்பாத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினார். குதியில் மடித்த கடதாசி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் அந்தக் குளியலறைச் செருப்பின் மீதிப் பாதி. இரண்டு குதிகாலிலும் பிளாஸ்டர். அவற்றைத் தடவி “ஸ்ஸ்” என்றார். பிறகு சப்பாத்தை ஒரு சீலைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மல்லிகை அத்தர் வாசத்தோடும் கஞ்சி போட்ட சேட்டோடும் ரப்பர் செருப்போடும் நிச்சயதார்த்தத்துக்கு முச்சக்கர வண்டியில் ஏறினார்.

“மச்சான், பைக்குள்ள என்ன?” என்றார் ஃபாஸில்.

“சும்மா... சின்ன வேலை ஒண்டு.”

அது இருக்கட்டும், வாசகரே. நீங்கள் ஏன் மெல்லக் காலைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொள்கிறீர்கள்?