ஐந்து வோல்ட் பிடிவாதம்

கார்டு கம்ப்யூட்டருக்குள் போகவில்லை. வரலாற்று ஆசிரியர் மூன்றாம் முறையாக அழுத்திப் பார்த்தார். கட்டைவிரல்தான் சிவந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் அவர் கையாலேயே கோத்தது. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட பாகங்களை வாங்கி, எட்டு வருடங்களுக்கு முன் உயிர் கொடுத்தார். அதில்தான் அவர் மனைவி கட்டட வரைபடங்கள் போடுகிறாள். ஒரு கோடு இழுத்தால் அது திரைக்கு வந்து சேர்வதற்குள் காபி ஆறிவிடும். புதிது வாங்கலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம், பெற்ற பிள்ளையை வீதியில் விடச் சொன்னதுபோல் அவர் சண்டைக்கு நிற்பார்.

நேற்று அதில் திரைக்குப் படம் அனுப்பும் கார்டு செத்துப்போனது. “நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா புதுசுதான்” என்று கெடு வைத்தாள். ஆனாலும் காலையில் அவளே கடைக்குப் போய் வேறு கார்டு வாங்கி வந்து கொடுத்தாள்.

“என்னங்க, சேரலையா?”

“சேரும். நீ போ.”

“கார்டுல பள்ளம் ஒரு பக்கம் இருக்கு. செருகுற இடத்துல மேடு வேற பக்கம்ல இருக்கு?”

அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. கார்டு ஐந்து வோல்ட்டுக்கு உரியது, செருகும் இடம் மூன்று புள்ளி மூன்று வோல்ட். ஒன்றை மற்றதில் யாரும் செருகிவிடக் கூடாதென்றே கம்பெனிக்காரன் அந்த மேட்டை வைத்திருக்கிறான். அதெல்லாம் சாதாரண மனிதர்களுக்கு.

“நான் வேணா மாத்திட்டு வரட்டுமா? எல்லாராலயும் முடியற காரியமா இது?”

அதற்குப் பிறகு எந்த ஆண்பிள்ளை கார்டைத் திருப்பிக் கொடுப்பான்?

அரத்தை எடுத்துக் கார்டில் புதிதாக ஒரு பள்ளம் தேய்த்தார். தேய்த்த வேகத்தில் இரண்டு செப்புக் கோடுகளும் கூடவே போயின. ‘இத்தனை இருக்கு, ரெண்டு போனா என்ன?’ என்று தேற்றிக்கொண்டார். அப்போதும் கார்டு அரை விரல் வெளியே நின்றது. பேனாக்கத்தியால் மேட்டையே சீவித் தள்ளினார். இப்போது சமர்த்தாக உட்கார்ந்தது.

“பாத்தியா? வோல்ட்டாம் கீல்ட்டாம்!”

சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. ‘டப்’பென்று ஒரு சத்தம், குப்பென்று புகை. வீட்டு விளக்குகளும் சேர்ந்து அணைந்தன.

மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டாள். “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று மட்டும் கேட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட பொறுமைசாலியை ஏமாற்றியவனைச் சும்மா விடுவதா? கருகிய கார்டோடு கடைக்குப் பறந்தார்.

“ஒண்ணும் தெரியாத பொம்பளைன்னுதானே பொருந்தாத கார்டைத் தலைல கட்டினே?”

கடைக்காரர் பதறவேயில்லை. புத்தம்புதுக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

“உங்க போர்டுல எது சேராதுன்னு கேட்டுத்தான் சார் அக்கா வாங்கிட்டுப் போனாங்க. அது போதும், மீதிய நீங்களே பாத்துக்குவீங்கன்னாங்க.”