கிளீட்டஸுக்கு இல்லாத சீக்குகள்

அமெரிக்காவுக்குப் போவதில்லை என்று மணக்குடி கிளீட்டஸ் முடிவெடுத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மனைவி தேவகனியிடம் சொல்லிவிட்டு ஒரு முடிவை உயிரோடு வைத்திருக்க முடியாது என்பது அவருடைய அனுபவம்.

மகள் ஜின்சி ஹூஸ்டனில் இருந்தாள். தலைப்பிரசவம். அப்பாவும் அம்மாவும் வந்தே தீரவேண்டும் என்று போனில் அழுதாள். பேரப்பிள்ளையைக் கொஞ்ச கிளீட்டஸுக்கும் ஆசைதான். ஆனால் நடுவில் விமானம் இருக்கிறதே! கோயில் திருவிழாவில் ராட்டினத்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிற மனுஷன். ஆயுள் முழுக்க பஸ்ஸில் கண்டக்டர். சக்கரம் தரையில் இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. விசா கிடைக்காது என்று நம்பியிருந்தார். பாவிகள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் ஜின்சி சொன்னாள்: "மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாம ஏறாதீங்கப்பா. இங்க ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் படுத்தா வீட்டை விக்கணும். ஒரு செக்கப் பண்ணிட்டு, உள்ள சீக்கை மறைக்காம சொல்லி எடுங்க."

செக்கப் என்ற சொல்லை கிளீட்டஸ் வீட்டு வாசற்படி ஏறவே விட்டதில்லை. ஆனால் 'மறைக்காம சொல்லுங்க' என்பது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சீக்காளிக்கு எவன் பாலிசி கொடுப்பான்? பாலிசி இல்லையென்றால் பிளேனும் இல்லை!

நாகர்கோவிலில் டிராவல்ஸ் வைத்திருக்கும் டைட்டஸிடம் இருவரும் போனார்கள்.

"அண்ணாச்சிக்கு சீக்கு ஏதாவது உண்டா?"

"ஏதாவதா? நீ நல்லா சாஞ்சி உக்காரு மக்கா."

டிக்கெட் எடுக்காதவன் சொல்லும் சாக்குகளைக் கேட்டுக் கேட்டே தேர்ந்தவர். சொல்லவா வேண்டும்? பிரஷர். சுகர். நெஞ்சுவலி. இழுப்பு. கிட்னியில் கல்.

"கல்லு பெருசோ?"

"இன்னொரு வட்டக்கோட்டை கெட்டலாம்."

தேவகனி மறுப்பாளோ என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் பெருமூச்சு விட்டாள். "மூட்டுவலிய விட்டுட்டியளே."

"பாத்தியா, பொண்டாட்டியே சாட்சி!"

டைட்டஸ் பேனாவை மூடினான். "இவ்வளவையும் வச்சிக்கிட்டு நீங்க நடமாடுறதே புதுமைதான் அண்ணாச்சி. எந்தக் கம்பெனியும் எடுக்காது."

"ஐயோ! எனக்க மோளைப் பாக்க முடியாம போச்சே!" கிளீட்டஸ் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"செரி. அப்ப எனக்குப் பாரு டைட்டஸ்" என்றாள் தேவகனி.

துண்டு பாதியில் நின்றது. வேளாங்கண்ணிக்குக்கூடத் தனியாகப் போகாதவள்!

அவள் கேட்க ஆரம்பித்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி நேரா பணம் கெட்டுமா, நாம கெட்டிட்டு அவன் பின்னால அலையணுமா? எனக்கு உள்ள பிரஷர் அங்க வச்சி திடீர்னு கூடினா பாப்பானா?"

"விலை குறைஞ்ச பாலிசியில பாக்க மாட்டான் அக்கா. அது முன்னாலேயே உள்ள சீக்கு. கூடுன பாலிசியில, திடீர்னு முத்துனா மட்டும் பாப்பான்."

"அப்ப கூடுனதையே போடு. பின்ன, முன்னாலேயே உள்ள சீக்குன்னா எனக்கு நாப்பது வருசமா இவரும் உண்டு. அதுக்கு?"

"அதுக்கு உலகத்துல எந்தக் கம்பெனியும் கவர் குடுக்காதுக்கா."

அமெரிக்கா போய்வந்த ஒவ்வொருத்தரிடமும் ஞாயிறு பூசை முடிந்து நின்று நின்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். கிளீட்டஸுக்கு, அந்தக் கலவரத்திலும், பெருமையாக இருந்தது. எனக்க பொண்டாட்டியா இது!

பெருமை சாயங்காலம்வரைதான் நின்றது.

"கிழங்கு எங்கட்டி?"

"சுகருக்கு ஆகாது."

"சாளைக் கறி?"

"உப்பு. கிட்னிக் கல்லுக்கு ஆகாது."

"ஒரு முட்டையாவது?"

"நெஞ்சு தாங்காது."

கேப்பைக் கஞ்சி வந்தது. எதிரே தேவகனி மரச்சீனிக் கிழங்கைச் சாளைமீன் கறியில் புரட்டி நிதானமாகச் சாப்பிட்டாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். அவள் திரும்பி வரும்வரை அவருடைய அக்கா மரியஜான் வந்து கூட இருப்பாளாம். விடியுமுன் எழுப்பி முழங்காலில் நிறுத்தி முழுச் செபமாலை சொல்ல வைக்கிற அக்கா.

"அவ என்னத்துக்கு?"

"இவ்வளவு சீக்காளிய தனியா விட்டுட்டுப் போனா ஊரு என்னையல்லா துப்பும்?"

மூன்றாம் நாள் கஞ்சியோடு கிளீட்டஸ் உடைந்தார். "எனக்கு ஒரு சீக்கும் இல்லட்டி! அவ்வளவும் பொய்!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் சொன்னா நம்பலாம்."

வெறும் வயிற்றோடு அவரே ஆஸ்பத்திரிக்குப் போய், வாழ்நாளில் முதல்முறையாக ஊசிக்குக் கை நீட்டினார். தலைமுதல் கால்வரை பார்த்தார்கள். கொஞ்சம் பிரஷர். வேறொன்றும் இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு நேரே டைட்டஸிடம் ஓடினார்.

"மக்கா, தேவகனிக்குப் போட்ட அதே பாலிசியை எனக்கும் போடு. அன்னைக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்."

"அதுக்கென்ன, போட்டிருவோம்." டைட்டஸ் ஆச்சரியப்படவே இல்லை.

"பிளேன்ல இனி எனக்கு ஒரு இடம் கிடைக்குமா?"

"டிக்கெட் போன மாசமே ரெண்டா எடுத்தாச்சே அண்ணாச்சி. கீழ பாத்தா நீங்க அலறுவியளாம், ஜன்னல் சீட்டை அக்கா எடுத்துக்கிட்டாங்க."